மூன்று தீவுகளில் ஒரு ஹோம் தியேட்டர்

மனித குலம் நிலவைத் தாண்டிப் போகாமல் இருப்பதற்கு ஒரே காரணம் கெரெகெரேதான் என்று என் அத்தை மகன் ஓசெயா கண்டுபிடித்திருந்தான். இதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் மின்னியல் படிக்கிறவன். எங்கள் தீவு நாட்டின் நாசினு நகரில், வீட்டுப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவித்த மரவள்ளித் துண்டைக் கையில் உயர்த்திப் பிடித்து, உலக நாடுகளுக்கு அறிக்கை விடும் குரலில் சொன்னான்.

"ஒருத்தன் வர்றான். 'கெரெகெரே, உன் சட்டையைக் கொடு'ங்கிறான். சொந்தக்காரன், அதனால இல்லைன்னு சொல்லக்கூடாது. கொடுத்ததைத் திருப்பிக் கேக்கவும் கூடாது. இப்படி ஒரு வழக்கத்தை வெச்சுக்கிட்டு எவன் ராக்கெட் விடுவான் மாமா? பாதி ராக்கெட்டைச் சித்தப்பா வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிடுவாரு."

"நல்ல பாதியாப் பாத்து வாங்குவாரு," என்றார் அப்பா.

அப்பாவின் பெயர் சாகியுசா. அவருடைய பார்வையைச் சர்க்கரை நோய் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது கெரெகெரே என்றுகூடச் சொல்லவில்லை.

ஓசெயாவின் கண்டுபிடிப்புக்கு ஆதாரம் எங்கள் ஹோம் தியேட்டர். வாங்கியபோது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பெரிய பாஸ் பெட்டியும் இருந்தன. பாஸ் பெட்டி ஒரு கல்யாணத்துக்காக வனுவா லேவு தீவுக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. மூன்று ஸ்பீக்கர்கள் தவேயுனித் தீவில் ஒரு தேவாலயத்தின் இளைஞர் குழுவோடு பாடுகின்றன. ஒன்று இரண்டு தெரு தள்ளி வாசிதி அத்தை வீட்டில். எங்களுக்கு மிஞ்சியது ஆம்ப்ளிஃபயரும் நடு ஸ்பீக்கரும்தான்.

"மூணு தீவுல ஒரே நேரத்துல கேக்கற ஹோம் தியேட்டர் உலகத்துலயே இது ஒண்ணுதான்," என்றான் ஓசெயா. "நான் செத்தாலும் அந்த வார்த்தை என் வாயில வராது. வேணும்னா வாங்குவேன், வாடகைக்கு எடுப்பேன். கேக்க மாட்டேன்."

அந்த நடு ஸ்பீக்கர்தான் அப்பாவுக்குக் கண். டிவியின் சொந்தக் குரல் போன புயலோடு போய்விட்டது. ரேடியோ இருக்கிறது. ஆனால் ரக்பி ஆட்டத்தில் ரேடியோவில் ட்ரை விழுந்து சற்று நேரம் கழித்துத்தான் டிவியில் விழும். அப்பா கத்தி முடித்த பிறகு வீடு கத்தும். "தனியாக் கத்தறதுக்கு நான் என்ன பைத்தியமா?" என்று ரேடியோவை அவர் ஒதுக்கிவிட்டார்.

இப்படி இருக்கும்போது என் அண்ணன் இலைதியாவை நாட்டின் ரக்பி செவன்ஸ் அணியில் எடுத்தார்கள். சனிக்கிழமை ஹாங்காங்கில் முதல் ஆட்டம். அப்பா தெரு முழுவதையும் அழைத்துவிட்டார். "நீங்க பாருங்க. நான் அவன் பேரைக் கேக்கறேன்," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

அந்த வாரத்தின் தொடக்கத்தில்தான் ஓசெயா வந்து, "மாமா, ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் காலேஜ் லேபுக்குக் கொண்டுபோய் சர்வீஸ் பண்ணித் தர்றேன். பெரிய ஆட்டம் வருதில்ல," என்று சொல்லித் தூக்கிப் போயிருந்தான். அவன் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொள்கையில் உறுதியானவன்.

வெள்ளிக்கிழமை மழையில் ஒரு கோணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். முன்வாசல் பக்கம் வராமல் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு வந்தான். மூஞ்சி அவித்த நண்டு நிறத்தில் இருந்தது.

"பேச மாட்டேங்குது," என்றான்.

"நீயா, ஸ்பீக்கரா?"

"மச்சான், கேலி பண்ணாத."

மச்சானைக் கேலி செய்வது எங்கள் முறையில் கடமை. அதில் நான் இதுவரை குறை வைத்ததில்லை. ஆனாலும் ஒத்திவைத்தேன்.

ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றினான். எனக்கு முதலில் வாசனைதான் வந்தது. ஈர மண்ணும் மிளகும் கலந்த மாதிரி. லேபில் வராத வாசனை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"யங்கோனாவா?"

"ஹாஸ்டல்ல பார்ட்டி. பெட்டி மேல சட்டியை வெச்சாங்க. தட்டிவிட்டுட்டாங்க."

வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கூடிக் குடிக்கும் யங்கோனாவின் சட்டியை ஸ்பீக்கர் மேல் வைப்பது உலகில் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. சட்டிக்கு வீட்டில் உயர்ந்த இடம் கொடுத்துப் பழக்கம், ஹாஸ்டலில் உயரமாக இருந்தது ஸ்பீக்கர்.

"அப்புறம்?"

"சத்தம் கம்மியாச்சு. அதனால வால்யூமைக் கூட்டினாங்க."

"யாரு?"

அவன் நான்கு திருகாணிகளைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்தான். டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியை உருவி, இரண்டு கம்பிகளால் ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டான். உயிருள்ள ஸ்பீக்கர் என்றால் 'டப்' என்று ஒரு துள்ளு துள்ளும். துள்ளவில்லை. கம்பிகளை மாற்றித் தொட்டான். கூம்பை இரண்டு கட்டைவிரல்களால் மெதுவாக அழுத்தினான். உள்ளே மணல் அரைபடும் ஓசை. மல்டிமீட்டரை வைத்தான். முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"சேறு உள்ள போய்க் காயிலைப் பிடிச்சிருக்கு. அசைய முடியாத காயிலுக்கு மேல மேல கரண்டைக் கொடுத்திருக்கேன். எரிஞ்சுபோச்சு." யாரு என்று நான் கேட்டதற்குப் பதில் அதில் இருந்தது. அவனும் அதைக் கவனித்தான்.

வீட்டுக்குள்ளிருந்து அப்பா கூப்பிட்டார். "ஓசெயா சத்தம் கேக்குதே. சர்வீஸ் ஆயிடுச்சா?"

"நாளைக்கு மாட்டிடறேன் மாமா!"

"அவசரமில்லடா. நல்லாப் பண்ணு. நீ பண்ணினா நல்லாத்தான் இருக்கும்."

ஓசெயா கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று எங்கள் வீட்டில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டான். அவன் வயிறு சரியில்லாமல் இருந்ததை நாங்கள் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை இருவரும் வாசிதி அத்தை வீட்டுக்குப் போனோம். எனக்கு அத்தை, அவனுக்குச் சித்தி. அதே செட்டைச் சேர்ந்த ஸ்பீக்கர் குளிர்பெட்டியின் மேல், பின்னல் துணி போர்த்தி, பிளாஸ்டிக் பூக்களைத் தலையில் சூடி, ஒரு பழைய பிளேயரின் உதவியோடு பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது.

"சித்தி, இது மாமாவோட செட்டுல இருந்து வந்ததுதானே?" என்று ஆரம்பித்தான் ஓசெயா.

"ஆமா. தங்கமான மனுஷன்."

"அதாவது, முழு செட்டும் ஒரே இடத்துல இருந்தாத்தான் சயின்ஸ்படி நல்லது."

"அப்படியா? அப்ப அந்த நடுப்பெட்டியையும் இங்கயே கொண்டாந்துடு."

ஓசெயா என்னைப் பார்த்தான். நான் பிளாஸ்டிக் பூக்களைப் பார்த்தேன்.

"ஒரு பரிமாற்றம் மாதிரி வெச்சுக்கலாம் சித்தி. தற்காலிகமா."

"உனக்குக் காய்ச்சலாடா?"

"உள்ள இருக்கற பாகம் மட்டும் போதும். இன்னிக்கு ஒரு நாளைக்கு. வாடகைக்கு."

அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள். "வாடகைக்காம்டி! நாளைக்கு இவன் அம்மாகிட்ட சோத்துக்கு ரசீது கேப்பான்!"

அவன் காதுகள் சிவந்தன. உண்மையில் அவன் உதடுகள் அசைந்ததை நான் பார்த்தேன். வார்த்தை பல் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. அத்தையும் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தி எழுந்தார். பாட்டை நிறுத்தினார். பூக்களை எடுத்து ஓரமாக வைத்து, துணியை மடித்து, ஸ்பீக்கரை அவன் மடியில் வைத்தார்.

"உனக்கு வாயைத் திறந்து கேக்கறதுதான் வலிக்குது. எடுத்துட்டுப் போ."

"உங்களுக்குப் பாட்டு, சித்தி?"

"எனக்கு வாய் வலிக்கலையே. நானே பாடிக்கறேன்."

அத்தையின் பெட்டியை அப்படியே மாட்டியிருந்தால் வேலை சுலபம். ஓசெயா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் நடுப்பெட்டியின் ஒரு மூலையில், சிறுவயதில் இலைதியா பந்தால் அடித்த பள்ளம் இருக்கிறது. அப்பா டிவி முன் உட்கார்ந்ததும் முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் தடவுவார். ஆகவே பல் துலக்கும் பிரஷ்ஷால் பெட்டிக்குள்ளிருந்த சேற்றைத் தேய்த்தெடுத்து, அத்தையின் ஸ்பீக்கரைக் கழற்றி, பிளஸ் எது மைனஸ் எது என்று பார்த்துக் கம்பிகளைப் பற்றவைத்து, பழைய கூட்டுக்குள் பொருத்தினான். பேட்டரியால் தொட்டான். டப். நேர்த்தியான வேலை. திருட்டு நகைக்குப் பாலிஷ் போடுகிறவனின் நேர்த்தி.

மாலையில் தெரு வந்து பாயில் நிறைந்தது. அத்தை கதவோரம் உட்கார்ந்தார். அப்பா பள்ளத்தைத் தடவிவிட்டு, முகத்தை ஸ்பீக்கருக்கு நேராக வைத்துக்கொண்டார். முதல் பாதி முழுக்க இலைதியா வெளியேதான் இருந்தான். இரண்டாம் பாதியில் அவனை இறக்கினார்கள். வர்ணனை செய்த வெள்ளைக்காரன் அந்தப் பெயரை மூன்று துண்டாக உடைத்து, தப்பான இடத்தில் ஒட்டிச் சொன்னான்.

"தப்பாச் சொல்றான்!" என்று அப்பா கத்தினார். "தப்புத் தப்பாச் சொல்றான், ஆனா என் புள்ளைதான்!" தெருவும் அதே நொடியில் கத்தியது. அப்பாவின் கன்னம் நனைந்திருந்தது. அவர் துடைக்கவில்லை.

ஆட்டம் ஒரு காயத்துக்காக நின்றது. அப்பா தலையைத் திருப்பினார்.

"ஓசெயா எங்க? கதவுப் பக்கமா இருக்கான்? முன்னால வாடா, என் பக்கத்துல வந்து உக்காரு. எல்லாரும் கேட்டுக்குங்க. இவன் சர்வீஸ் பண்ணலைன்னா என் புள்ள பேரு என் காதுல விழுந்திருக்காது. இத்தனை தெளிவா இது பேசி நான் கேட்டதே இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். வாசிதி அத்தையும் தட்டினார். டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் தட்டினார். அவரே உண்மையைச் சொல்லியிருந்தால் ஓசெயா பிழைத்திருப்பான்.

பெரியவர்களைக் கடக்கும்போது குனிவது போலக் குனிந்து, முழங்காலால் நகர்ந்து அவன் முன்னே வந்தான். அப்பா தட்டிக் காட்டிய இடத்தில் உட்காரவில்லை. அதைவிடத் தாழ்ந்த இடமான கதவுப் பக்கம் தள்ளி உட்கார்ந்தான். பெரியவர்களிடம் வேண்டும்போது செய்யும் எங்கள் முறைப்படி கைகளைக் குவித்து, சத்தம் வெளியே போகாதபடி மூன்று முறை தட்டினான்.

"மாமா," என்றான். "கெரெகெரே."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை. சொல்வதற்கு என்னிடம் நல்ல கேலி ஒன்று தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"கேளுடா," என்றார் அப்பா. "என்ன வேணும்?"

"நான் சர்வீஸ் பண்ணல. ஹாஸ்டல் பார்ட்டிக்கு எடுத்துட்டுப் போய் எரிச்சுட்டேன். இப்ப அதுக்குள்ள பேசறது வாசிதி சித்தியோடது."

ஆட்டம் மறுபடி தொடங்கியது. வெள்ளைக்காரன் மறுபடி என் அண்ணன் பெயரைத் தப்பாகச் சொன்னான். அப்பா டிவி பக்கம் திரும்பவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா," என்றான் ஓசெயா. மன்னிப்பை எங்கிருந்தும் வாடகைக்கு எடுக்க முடியாது. "கெரெகெரே," என்று இன்னொரு முறை, கிட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.