உப்புப் போட்ட ஐஸ்

தோள்பட்டை காலையிலேயே பிடித்துக்கொண்டது. ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்குகிறவனுக்கு அது புதிதில்லை. ஆனாலும் ஒரு கையில் மனைவியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது, மறு கையில் தொங்கிய ஐஸ் பெட்டி தோளைப் பிய்த்து எடுத்தது.

அவளுக்கு மார்பில் புற்றுநோய். மருந்து ஏற்றினால் முடி கொட்டும். துணிக்கடையில் பில் போடுகிறவள். முடி போனால் வேலையும் போகும். சீக்காளியைக் கல்லாவில் உட்கார வைக்க மாட்டேன் என்று கடைக்காரர் ஏற்கெனவே ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பியிருந்தார். மனைவியின் சம்பளத்தில்தான் வாடகை, அடுப்பு எல்லாம்.

மருந்து ஏறும்போது தலையைக் குளிர்விக்கும் தொப்பி ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது. தடவைக்கு இருபதாயிரம். கடன்பட்டு இரண்டு தடவை போட்டார்கள். முடி கொட்டாமல் நின்றது. மூன்றாவதுக்குப் பணம் புரளவில்லை.

"நாள் முழுக்கக் குளிரத்தான் சுமக்கிறேன். அதக் காசு குடுத்து வேற வாங்கணுமா?" என்றான்.

ரப்பர் தொப்பி, துண்டு, நொறுக்கிய ஐஸ், அதில் இரண்டு கை உப்பு. உப்புச் சேர்ந்தால் ஐஸுக்கு வெறி பிடிக்கும், குளிர் இன்னும் ஏறும். தொழிலில் இருப்பவனுக்கு அது தெரியும்.

நர்ஸ் பெட்டியைப் பார்த்தாள். "என்னண்ணே இது? டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டாச்சும்மா." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

மருந்து சொட்டத் தொடங்கியதும் ஐஸை வைத்துக் கட்டினான்.

"கல்யாணமான புதுசுல கூட நீங்க எனக்கு இப்படி ஐஸ் வச்சதில்ல," என்றாள் மனைவி.

"வாயக் குறைடி. அசையாத."

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "எரியுதுங்க. தலையில கொள்ளி வச்ச மாதிரி இருக்கு."

"ஆஸ்பத்திரித் தொப்பிக்கும் வலிச்சுதுல்ல? பல்லக் கடிச்சுக்க."

கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்தது. "இப்ப எரியல. ஒண்ணுமே தெரியல."

எரியும்வரை பயமில்லை, எரிச்சல் நின்றால் கையை எடுத்துவிடு என்பதுதான் கம்பெனியில் முதல் நாள் சொன்ன பாடம். எடுக்காத ஒருவனின் இரண்டு விரல் நுனிகள் கறுத்து உதிர்ந்ததை அவன் பார்த்திருக்கிறான். அவன் கை கட்டை அவிழ்க்கப் போனது. பாட்டிலில் மருந்து பாதி இருந்தது. இப்போது அவிழ்த்தால் முடி போய்விடும்.

கையை இழுத்துக்கொண்டான். "நல்லதுதான். கண்ண மூடித் தூங்கு."

மருந்து தீர்ந்ததும் நர்ஸ்தான் தொப்பியைக் கழற்றினாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மெழுகாய் வெளுத்திருந்தது. விரலால் அழுத்தினாள்.

"வலிக்குதாக்கா?"

"எங்க தொடுறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

வாரம் முடியுமுன் அந்த இடம் கறுத்தது. புண் ஆறும்வரை அடுத்த மருந்து கிடையாது என்றார் டாக்டர். "அதுவரைக்கும் உள்ள இருக்கறது சும்மா இருக்குமா சார்?" என்று கேட்டான். அவர் கை கழுவப் போய்விட்டார்.

தலைக்கட்டோடு கடைக்குப் போனவள் மதியத்துக்குள் திரும்பி வந்தாள். கட்டைச் சுற்றி முடி அடர்த்தியாகத்தான் இருந்தது. எரிச்சல் நின்றதன் பொருள் அவனுக்குத் தெரியும் என்பதை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை.

முதல் இரண்டு தொப்பிக்காக ஐஸ் கம்பெனியில் வாங்கிய நாற்பதாயிரத்தில், முப்பத்தாறாயிரம் இன்னும் பாக்கி.