கடைசிக்குப் போன முதல் பக்கம்

புத்தகத்தைத் திறந்ததும் முதல் சொல்லாக 'ஜீரோ' கண்ணில் பட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேறு யாருடையதையோ எடுத்துவந்துவிட்டேனா என்று அட்டையைத் திருப்பினேன். என்னுடைய ஆங்கிலச் சொற்புத்தகம்தான். நூடுல்ஸ் சூப் சிந்திய கறைகூட அப்படியே இருந்தது.

எங்கள் சீனாவில் ஆங்கிலம் படிக்க உட்கார்ந்த யாருக்கும் 'அபேண்டன்' தெரியாமல் இருக்காது. கைவிடுதல் என்று அர்த்தம். அகரவரிசையில் அதுதான் முதலில் வந்து நிற்கும். களைத்துப்போய் வந்து புத்தகத்தை எடுத்தால், முதல் சொல்லே கைவிடு என்னும்; நாமும் மூடிவைத்துவிடுவோம். அடுத்த மாதம் மறுபடி அதே பக்கம். என் புத்தகத்தில் அந்த ஒரு தாள் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருந்தது. மற்றதெல்லாம் வாங்கியபடியே புத்தம் புதிது.

நான் மியான்யாங்கில் பதினாறு வருடமாக நர்ஸ். இந்த ஆங்கிலத் தேர்வில் தேறினால் டிகிரி கிடைக்கும், பகல் வேலைக்கு மாறலாம், தினமும் ராத்திரி மகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அந்தச் சொல்லுக்குப் புத்தகத்தில் போட்டிருந்த உதாரணம், மாலுமிகள் கப்பலைக் கைவிட்டார்கள் என்பது. வார்டில் கூட வேலை செய்யும் ஜோங் ருயி தினமும் கேட்பாள்: "என்னடி, இன்னும் கப்பலை விட்டு இறங்கலையா?"

"துவான்! என் புத்தகத்தை என்ன பண்ணினே?"

என் கணவன் பைண்டிங் கடையில் வேலை செய்பவன். அடுப்படியில் மிளகாய் வதக்கிக்கொண்டே தும்மினான்.

"பிரிச்சுத் திரும்ப ஒட்டினேன். கடைசி எழுத்து முன்னாடி, முதல் எழுத்து பின்னாடி. கறுத்துப்போன தாள் எல்லாத்துக்கும் கடைசியில. இனிமே அது மூஞ்சியில முழிக்காதே."

"கடையில யாரும் பார்க்கலையா?"

"முதலாளி பார்த்தாரு. மெத்தைக்காதுன்னாரு."

பெண்டாட்டி சொல்லுக்கு ஆடுகிறவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நன்றி சொல்லியிருக்கலாம். கட்டினவனிடம் அதைச் சொன்னால், "நான் என்ன வேத்தாளா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். சாப்பிடும்போது கொழுப்பான இறைச்சித் துண்டாகப் பார்த்து அவன் கிண்ணத்தில் வைத்தேன். அவன் அதை என் கிண்ணத்துக்குத் தள்ளினான். நான் திரும்ப வைத்தேன்.

"அம்மா, யாராவது ஒருத்தர் சாப்பிடுங்க," என்றாள் மகள்.

ஏழு மாதம் படித்தேன். தேர்வன்று காலை, மண்டப வாசலில் அவனுடைய ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கடைசித் தாளுக்கு வந்தேன். கறுத்த தாள். பார்க்கவே தேவையில்லை, இரண்டு பக்கமும் எப்போதோ மனப்பாடம். நான் முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் இதுதான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

உள்ளே புத்தகம் கொண்டுபோகக் கூடாது. அவனிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றேன். தூறல் விழ ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். தலை நனைவதைப் பற்றிக் கவலையே இல்லாமல், புத்தகத்தை மேல்சட்டைக்குள் செருகிக் கழுத்துவரை ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தான்.