முகப்புப் பக்கம் கடைசியில்தான் அச்சாகும்

தேம்ஸ் ஆறு உறைந்துபோய், பனிக்கட்டியின் மேல் கடை போட்டு மாட்டை வாட்டித் தின்றார்களே, இது நடந்தது அந்தக் குளிர்காலத்திலா, அதற்கு முந்தியதிலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. காப்பிக் கடையில் அன்று யார் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் சந்தேகம்தான். ஜோசயஸ் மார்லட் சிரித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அவர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் பலர் சொல்லிக் கேட்டது. எது கேட்டது, எது பார்த்தது என்று இனிப் பிரித்தெடுக்க முடியாது.

மார்லட் வாப்பிங்கில் ஒரு கயிற்றுக் கடையின் மாடியில், கப்பல் மாலுமிகளுக்கும் சாராயப் பீப்பாய் அளக்கும் வரி ஆட்களுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். மாணவன் தப்பாகச் சொன்னால் அவர் திட்டமாட்டார். ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்த மௌனம் நீண்டுகொண்டே போகும். கடைசியில் மாணவன் தன் தப்பைத் தானே கண்டுபிடிப்பான், அல்லது தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இரண்டில் எது நடந்தாலும் மார்லட்டுக்குச் சம்மதம்தான்.

ஆங்கிலத்தில் இயற்கணிதம் கற்பிக்கவென்று வந்த புத்தகம் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. வரி வரியாகப் படித்து, வரி வரியாக வெறுத்தார். ஒருவர் பாதிப் புத்தகத்தை, இந்தக் கலை ஆதாமுக்கே தெரியும் என்று நிரூபிப்பதில் தீர்த்திருந்தார். இன்னொருவர் விதிகளையெல்லாம் பாட்டாக்கி, பாட்டு ஓசைக்காக எண்களையே மாற்றியிருந்தார். வேறொருவர் டச்சுப் புத்தகம் ஒன்றை அப்படியே இறக்கிவைத்ததில், யார்க்‌ஷயர் ஆட்டுக்காரன் தன் கம்பளியை டச்சுக்காரர்களின் கில்டர் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தான். இவர்களையெல்லாம்கூட மார்லட் மன்னித்திருப்பார், இவர்கள் வெறும் மடையர்கள். அவரால் பொறுக்க முடியாதது நான்காவது வகை. கணக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். முடிச்சு அவிழவேண்டிய வரிக்குப் போனால், 'எஞ்சியதை ஆசிரியர் தம் இல்லத்தில் கற்பிப்பார்' என்று போட்டு, தெருப் பெயரும் கதவு அடையாளமும் கொடுத்திருக்கும்.

ரோலண்ட் ஹெப்டன் எழுதியது அந்த வகை. பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, தோள்வரை தொங்கும் பொய்முடியும் ஆரஞ்சுப்பூ வாசனையுமாகத் திரிந்தவர். மார்லட்டும் அவரும் இளம் வயதில் ஒரே அறையில் குடியிருந்தவர்கள். ஹெப்டனுக்குத் தெரிந்த கணக்கில் பாதி தன்னிடம் கேட்டது, மீதி இன்னும் அவருக்குத் தெரியாது என்பது மார்லட்டின் கணிப்பு.

மார்லட்டும் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அதில் எதுவும் ஒளித்துவைக்கப்படவில்லை. ஒவ்வொரு படியும் ஒரு வரி. பக்கத்து ஓரத்தில், முந்தின வரியை என்ன செய்தால் இந்த வரி வந்தது என்ற விளக்கம். வாத்தியார் முகத்தையே பார்க்காமல் ஒரு தச்சன் கப்பலின் அடித்தட்டில் உட்கார்ந்து அதைப் படித்துவிடலாம். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தன் பெயர் இந்த உலகத்தில் எங்கேனும் இருக்கவேண்டுமென்றால் அது அந்தப் புத்தகத்தின் முகப்பில்தான் என்று அவர் வெகுகாலமாக நினைத்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

செயின்ட் பால் தேவாலய முற்றத்தில் புத்தகக் கடை வைத்திருந்த விதவை டார்க்கஸ் டில்னி அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டாள் என்றால் முழுதாக. எங்கள் ஊர் வழக்கம் அது. கையெழுத்துப் படி கடைக்காரர் கைக்கு மாறியதும் அதில் எழுதியவனுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"புத்தகத்தைப் புகழ்ந்து சாற்றுகவி வேணும், வாத்தியாரே" என்றாள் டில்னி. "குறைஞ்சது மூணு பேர்கிட்ட."

"எதுக்கு?"

"எதுக்கா? கடைக்கு வர்றவன் புத்தகத்தைப் பிரிச்சா முதல்ல கணக்கையா பாக்கறான்? யார் யார் பல்லிளிச்சிருக்காங்கன்னு பாக்கறான்."

"படிக்காமயே இளிப்பாங்க."

"படிச்சா எப்படி இளிப்பாங்க? நீங்க எழுதினது அப்படி. பார்த்தாலே வயித்தைக் கலக்குது." அவள் விரலை மடக்கினாள். "ஸ்கட்டர், போய்ஸ், ஹெப்டன். மூணு பேரும் ஊருக்குத் தெரிஞ்ச கணக்கு வாத்தியாருங்க. அச்சாக ஆக ஒவ்வொரு தாளையும் அவங்களுக்கு அனுப்பறேன். கவிதையும் முகப்பும் எப்பவும் போலக் கடைசியில அச்சாகட்டும்."

மார்லட் வெகுநேரம் பேசாமல் நின்றார். டில்னிக்கு அந்த மௌனமெல்லாம் உறைக்காது. அவள் பாட்டுக்கு நண்டு உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போனவர் நான்காம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்தார். தந்தைக்கு ஐம்பது வயது, மகனுக்கு இருபது. எந்த ஆண்டில் தந்தையின் வயது மகனுடைய வயதைப் போல நான்கு மடங்கு? வரிகளைப் போட்டுக்கொண்டே போனால், எத்தனை ஆண்டு கழித்து என்ற இடத்தில், ஒன்றுமில்லாததைவிடப் பத்து குறைவு என்று வந்து நிற்கும். கையில் காசே இல்லாதவனிடம் இருந்து பத்துக் காசைப் பிடுங்குவதுபோல அர்த்தமில்லாத எண் அது. அப்படி ஓர் எண் வந்தால், கேள்வியே பொய் என்று தள்ளிவிட்டுப் போகவேண்டும் என்பது அந்தக் காலத்து ஆசான்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். மார்லட் விடையைப் போடாமல், 'படிப்பவரே கண்டுகொள்க' என்று மட்டும் எழுதினார். மூவரும் இதையும் சேர்த்துப் பாராட்டுவார்கள் என்பது அவர் திட்டம். அப்புறம் முகப்போடு சேர்ந்து அச்சாகும் பிழைதிருத்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: இந்தக் கேள்விக்கு விடை கிடையாது, பாராட்டிய மூவரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த வரியை அவர் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதில் ஒரு சொல்கூட அதிகமில்லை என்று தோன்றியது.

கவிதைகள் வந்துசேர்ந்தன. ஸ்கட்டர் அவரைச் சூரியன் என்றும் மற்ற நூலாசிரியர்களை மின்மினி என்றும் பாடியிருந்தார். போய்ஸ் ஒருபடி மேலே போய், கேள்விகள் அனைத்தையும் தாமே போட்டுப் பார்த்ததாகவும் எதிலும் கால் இடறவில்லை என்றும் சத்தியம் செய்திருந்தார். ஹெப்டன் அனுப்பியது நாலே வரி. மார்லட் அதைச் சரியாகக்கூடப் படிக்கவில்லை. காகிதத்தில் அடித்த ஆரஞ்சுப்பூ வாசனையே அவருக்குப் போதுமாக இருந்தது.

பிழைதிருத்தப் பக்கம் அச்சாகும்வரை பொறுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவரால் முடியவில்லை. இத்தனை வருஷம் யாரோடும் சேராதிருந்த மனிதர், வியாபாரிகள் கூடும் மண்டபத்துக்குப் பின்சந்தில் இருந்த காப்பிக் கடைக்கு நடுப்பகலில் வந்தார். ஸ்கட்டரும் போய்ஸும் எப்போதும்போல அங்கே இருந்தார்கள். ஹெப்டன் கணப்புக்குப் பக்கத்தில் பொய்முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மொட்டைத் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

மார்லட் போய்ஸின் கவிதையை எடுத்து உரக்கப் படித்தார். முடிந்ததும், "எல்லாக் கேள்வியும் போட்டுப் பார்த்தீங்களா, போய்ஸ்?" என்றார்.

"ஒண்ணு விடாம."

"அந்த அப்பன் மகன் கணக்கு?"

"அருமையான கணக்கு அது."

"விடை என்ன வந்தது?"

போய்ஸ் காப்பியைக் குடித்தார். குடித்த பிறகும் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க, ஸ்கட்டர். சூரியனுக்கு இந்தச் சின்ன விளக்கைக் காட்டுங்க" என்று மார்லட் அந்தப் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல தனியா எழுதி வெச்சிருக்கேன்" என்றார் ஸ்கட்டர்.

அப்போதுதான் மார்லட் சிரித்தார். துருப்பிடித்த கீல் திறப்பது போலிருந்தது. கடையே திரும்பிப் பார்த்தது. "அதுக்கு விடையே கிடையாது" என்றார். "கேள்வியே பொய். உங்களுக்குன்னே போட்டேன். நாய்க்குப் போடற எலும்பைக்கூட அது மோந்து பாத்துட்டுத்தான் கவ்வும். நீங்க அதுவும் செய்யலை. இவ்வளவு பேர் இந்த ஊர்ல கணக்கு வாத்தியார்னு சம்பளம் வாங்கறீங்க."

கடையில் புகைபிடித்துக்கொண்டிருந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஸ்கட்டரின் காது சிவந்துபோனது. அந்த நிமிஷம் மார்லட்டுக்கு வாழ்நாளெல்லாம் வரவேண்டியது மொத்தமாக வந்துசேர்ந்த மாதிரி இருந்தது.

"பத்து வருஷம் முன்னாடி" என்றார் ஹெப்டன்.

யாருக்கும் புரியவில்லை. ஹெப்டன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அப்பனுக்கு நாப்பது, பையனுக்குப் பத்து. நாலு மடங்கு. பத்து வருஷம் முன்னாடி. கவிதையில எழுதியிருந்தேனே, ஜோசயஸ். பின்னோக்கி நடக்கும் உன் கேள்வின்னு. படிக்கலையா?"

"ஒண்ணுமில்லாததுக்குக் கீழே எண் கிடையாது" என்றார் மார்லட்.

"கிடையாதுதான். நானும் நம்பறதில்லை. ஆனா கணக்கு சரியா வருதேப்பா, நான் என்ன பண்ணட்டும்? பத்து கூட்டறதுக்குப் பதிலா பத்து கழிச்சுப் பார்த்தேன். வேற வேலை இல்லை, மழை வேற பெய்ஞ்சுக்கிட்டிருந்தது. பொருந்திடுச்சு."

"அதிர்ஷ்டம்."

"இருக்கட்டும். உன் புத்தகத்துல இருக்கற நல்ல கேள்வியே அதுதான். நீயா யோசிச்சுப் போட்டதுன்னு நினைச்சு, உண்மையாவே பாராட்டினேன்."

இப்போது மேசையைத் தட்டியவர்கள் வேறு பக்கம் திரும்பித் தட்டினார்கள். ஸ்கட்டர்தான் முதலில் எழுந்தார். "என் கவிதையைத் திருப்பிக் கொடுங்க, மார்லட். சூரியன் பின்னாடி நடக்கறதில்லை." போய்ஸும் கையை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து மார்லட் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாணவர்கள் வந்தார்கள், அந்த முதுகைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். நாற்பது, பத்து. அதைப் போட்டுப் பார்க்கக் காகிதம்கூட வேண்டாம். தன் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது என்பது அவருக்குத் தெரிந்தது. கடைசி வரியும் சரி. அது காட்டிய திசையில் ஓர் அடி வைத்திருந்தால் போதும், அவர்தான் காறித் துப்பிவிட்டுத் திரும்பியிருந்தார். ஹெப்டனுக்கு அது தெரிந்ததில் அவருக்கு வருத்தம் அதிகமில்லை. தனக்குக் கஷ்டப்பட்டும் தெரியாதது, மழைக்கு ஒதுங்கியவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுவாரம் டில்னி ஆளனுப்பினாள். கடையின் பின்கட்டில், முகப்பு மட்டும் இல்லாத புத்தகம் தாள் தாளாகக் கூரைவரை அடுக்கியிருந்தது.

"ரெண்டு பேர் போயிட்டாங்க" என்றாள். "காப்பிக் கடையில சண்டை போடத்தான் புத்தகம் எழுதினீங்களா? ஹெப்டன் மட்டும் நல்ல மனுஷன். புதுசா நீளமா கவிதை எழுதித் தர்றேங்கறார். இன்னும் நாலு பேரையும் கூட்டிட்டு வர்றேங்கறார்."

"எதுக்குப் பதிலா?"

"பிழைதிருத்தத்துல ஒரு வரி. கேள்விக்கு விடை பத்து ஆண்டுக்கு முன், கண்டவர் ரோலண்ட் ஹெப்டன். அவ்வளவுதான். முகப்புல உங்க பேர், பெரிய எழுத்துல. எழுதலைன்னா…" தாள் அடுக்கைக் காட்டினாள். "இதுல எங்கயும் உங்க பேர் இல்லை, வாத்தியாரே. ஹெப்டனைக் கேட்டு அவர் பேரையே போட்டுக்குவேன். அவர் பேருக்கு விக்கும்."

"எழுதினது நான்."

"யார் இல்லேன்னா? நெய்தவன் பேரை எழுதிக்கிட்டா நான் சட்டை போட்டுக்கறேன்?"

அவள் ஒரு காகிதத்தையும் இறகுப் பேனாவையும் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனாள். அச்சுக்காரன் வாசலில் காத்திருந்தான். மார்லட் பேனாவை மையில் தோய்த்தார். பத்து ஆண்டுக்கு முன் என்று எழுத அவரால் முடிந்தது. எழுதினார். அது உண்மை, உண்மையை எழுத அவர் கை கூசியதில்லை. அதற்கு அடுத்து ஹெப்டன் பெயரை எழுத வேண்டும். மை காய்ந்தது. மறுபடி தோய்த்தார். அதுவும் காய்ந்தது. பின்கட்டு ஜன்னலில், எரிந்துபோன தேவாலயத்தை மறுபடி கட்டும் சாரம் தெரிந்தது. அதன்மேல் ஆட்கள் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கல் ஏறி, அவர்கள் கஞ்சி குடிக்க இறங்கும்வரை மார்லட் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டில்னி திரும்பி வந்து காகிதத்தைப் பார்த்தாள். "பேர் எங்க?"

"அந்தப் பேருக்கு அந்த வரி தகாது" என்றார் மார்லட்.

"அப்ப முகப்பு?"

அவர் பதில் சொல்லவில்லை. இம்முறை அந்த மௌனத்தின் பொருள் டில்னிக்கும் விளங்கியது. அவள் அச்சுக்காரனைக் கூப்பிட்டாள்.

புத்தகம் அந்த வசந்தத்தில் ரோலண்ட் ஹெப்டனின் பெயரில் வந்தது. நன்றாக விற்றது. மறுபதிப்பும் கண்டது. பிழைதிருத்தப் பக்கத்தில், கண்டவர் பெயர் இல்லாமல் விடை மட்டும் இருந்தது. ஹெப்டன் தன் பெயர் போட்ட அந்தப் புத்தகத்தைக் கடைசிவரை முழுதாகப் படிக்கவில்லை. பெரியம்மை வந்து இறந்தார். போய்ஸ் ஒரு சுங்க அலுவலகத்தில் வேலைக்குப் போனார். ஸ்கட்டர் கணக்கை விட்டுவிட்டு ஜோசியம் பார்த்தார். டில்னி ஒரு காகித வியாபாரியை மணந்துகொண்டு கடையை விற்றாள். மார்லட் வாப்பிங்கிலேயே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவர்களிடம் அந்தப் புத்தகத்தைத்தான் வாங்கச் சொல்வார். மற்றவை எல்லாம் இன்னும் மோசம் என்பார்.