வைரமோகினி வழக்கு

1

இந்தக் கதை கரண்ட் போனதால் பிறந்தது. இன்னும் உயர்வான காரணம் ஒன்று எழுதிப் பார்த்தேன், கை கூசியது. இந்த 1984இல் குமாரபாளையத்தில் மதியமானால் கரண்ட் நிற்கிறது. தறி நின்றால் தார்க்குச்சியில் நூல் சுற்றும் எங்களுக்கும் வேலை இல்லை. எட்டாவதோடு பள்ளியை விட்ட நான், பக்கத்து வீட்டுக் கமலவேணி, என் அத்தை மகள் கந்தம்மாள், மூவரும் தறிக்கூடத்தில் தாயம் ஆடுவோம்.

வெறும் தாயம் அலுத்தபோது காய்களுக்குப் பெயரும் குணமும் வைத்தேன். அவரவர் தம் காயாகவே பேச வேண்டும். செய்ய நினைப்பதைச் சொல்லிக் கட்டையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணைப் பார்த்து, நடந்தது என்ன என்று நான் சொல்வேன். ஆள் முகம் பார்த்துப் பேச வராத எனக்கு, என் காயான ராஜா குரலில் மட்டும் பேச்சு வரும்.

கமலவேணியின் காய் ஒரு மந்திரக்காரி. பெயர் வைரமோகினி. (பெயருக்கு நானே பொறுப்பு.)

2

“வானளாவிய அக்கோட்டையின் மேல் முழுநிலவு”

வேண்டாம். நான் இதுவரை எந்தக் கோட்டையும் ஏறியதில்லை. இன்று மதியம் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

கோட்டைச் சிறையில் நூறு பேர். அவர்களை மீட்க, காவலர் கிணற்றில் வைரமோகினி மயக்க மருந்து கலந்தாள். கமலவேணி உருட்டினாள்; பன்னிரண்டு விழுந்தது. காவலர்கள் தூங்கினார்கள். நூறு பேரும் தப்பினார்கள். அதே தண்ணீரைக் குடித்த காவலன் மகள், ஐந்து வயதுப் பிள்ளை, எழுந்திருக்கவே இல்லை.

காய் நடுக்கட்டத்தில் ஏறினால்தான் பழம், அதாவது வெற்றி. கொலைகாரி பழமாகக் கூடாது என்றாள் கந்தம்மாள்.

3

“புள்ள வந்து குடிக்கும்னு எனக்குத் தெரியுமா?” என்றாள் கமலவேணி.

“கெணத்துல மருந்தப் போட்டுட்டு, யாரு குடிப்பாங்கன்னு தெரியாதாமா. உங்கூட்டுக் கெணத்துல போடுவியா நீயி?”

“எங்கூட்டுல ஏது கெணறு? பைப்புதான்.”

“அப்பப் பைப்புல போடு.”

“நூறு பேரு உசுரு உனக்குப் பெருசில்லையா?”

“அந்த நூறு பேர்த்தயே கேளு. ஒரு புள்ளயக் கொன்னு எங்கள வெளிய உடுன்னு எவனாச்சும் சொன்னானா?”

“தாயத்துல ஒருத்தரயாச்சும் வெட்டுனாத்தான் உள்ள ஏற முடியும். அந்தச் சட்டம் நான் போட்டதா?”

கந்தம்மாள் கட்டைகளை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.*

கமலவேணி என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு புள்ள. குத்தவாளின்னா நாளையிலிருந்து நான் வரமாட்டேன். எங்கூட்டுலயே உக்காந்து தார் சுத்திக்கறேன்.”

எனக்கு வேறு தோழி கிடையாது. (கந்தம்மாள் சொந்தம். அவளை நான் தேர்ந்தெடுக்கவில்லை.) வாயைத் திறப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தறிச் சத்தத்தில் எந்தத் தீர்ப்பும் காதில் விழாது. நாளைக்கு என்று கை காட்டினேன்.

* தீர்ப்பு வரும்வரை யாரும் உருட்டக் கூடாதாம்.

4

மாலையிலிருந்து மூன்று முடிவுகள் எழுதிவிட்டேன்.

அ) பிள்ளை கண் விழிக்கிறது. செத்தவர்களை எழுப்புவது எழுதுகிறவளுக்குச் சுலபம். அடித்துவிட்டேன்.

ஆ) காவலன் மன்னிக்கிறான். நான் எவ்வளவு கெஞ்சியும் அவன் சம்மதிக்கவில்லை.

இ) வைரமோகினி குற்றவாளிதான், ஏனென்றால் அவள்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. எங்கள் சட்டப்படி பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது நினைத்தபடி நடக்க வேண்டும். பிள்ளை எந்தக் கட்டையிலும் விழவில்லை. ஆட்டம் சப்பென்று முடிகிறதே என்று நான்தான் அதைக் கிணற்றடிக்கு அனுப்பினேன். கையில் ஒரு சொம்பும் கொடுத்தேன், அழகாக இருக்கும் என்று. கேட்ட இருவருக்கும் கண் கலங்கியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

5

இதைச் சொன்னாலும் கமலவேணி வராமல் போகலாம். சொல்லாமல் ‘குற்றமில்லை’ என்றால் வருவாள். நான் அவள் எதிரில் உட்கார வேண்டும்.

ஆகவே தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். குற்றவாளி என்று தோன்றினால் நாளை மதியம் தறிக்கூடத்துக்கு வந்து, அவள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். குற்றமில்லை என்று தோன்றினாலும் வாருங்கள். ஆனால் கந்தம்மாள் விடமாட்டாள். “அப்பப் புள்ளயக் கொன்னது யாருங்க?” என்று கேட்பாள்.

அப்போது என் பக்கம் பார்க்காமல் இருக்க உங்களால் முடியுமா?