லுட்விகா வைத்த அதிகத் தட்டு

"அது எங்க அண்ணன் தட்டு, அண்ணி. அதுல வேற எவனும் சாப்பிடக் கூடாது!"

"யார் வந்து கதவைத் தட்டினாலும் அது அவங்களுக்குத்தான். உங்கம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதானடி!"

ஆப்பிரிக்காவில், டெங்கேரு அகதி முகாமின் வட்டக் குடிசையொன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் இப்படித் தொடங்கியது. சுவரோ மெல்லிசு. பக்கத்துக் குடிசைகளில் பீட்ரூட் சூப் கிளறிக்கொண்டிருந்த கரண்டியெல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

லுட்விகாவுக்கு அண்ணி அபொலோனியாவின் எண்ணம் புரியாமலில்லை. முகாம் தச்சன் தியோஃபில் மூன்று வாரமாக இவர்கள் வீட்டு ஸ்டூலின் ஒரே காலைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு ஆடுகிற கால் உலகத்தில் உண்டா?

நாற்பதாம் வருஷம் பிப்ரவரியில் ரஷ்யச் சிப்பாய்கள் போலந்திலிருந்து ரயிலேற்றி, வடக்குக் காட்டில் மரம் வெட்ட விட்ட குடும்பம் அது. மறுவருஷம் விடுதலை கிடைத்ததும் அண்ணன் ஸிக்முன்ட் பட்டாளத்தில் சேரப் போனான்; போனவன்தான். பெண்கள் இருவரும் பாரசீகம் வழியாக இங்கே வந்து சேர்ந்தார்கள். பனியில், மணலில், இப்போது வாழைக்கு நடுவில் என்று ஆறு கிறிஸ்துமஸாக லுட்விகா ஒரு தட்டு அதிகமாக வைத்தாள். வழக்கப்படி அது எதிர்பாராத விருந்தாளிக்கு. அவளுக்கு அது அண்ணனுக்கு. தட்டு காலியாக இருக்கும்வரை அவன் எங்கோ நடந்து வந்துகொண்டிருக்கிறான்.

"நானும் அந்தத் தட்டு மாதிரியே காத்துக்கிட்டிருக்கணுமா, லுட்கா?" அபொலோனியாவின் குரல் இறங்கிவிட்டது.

முகாமுக்குப் பின்னாலிருந்த மேரு மலைக்கு மேலே முதல் நட்சத்திரம் தெரிந்தது; விருந்துக்கு உட்காரும் நேரம். கதவு தட்டப்பட்டது. தற்செயல் என்று நம்ப முகாமில் ஒரு ஜீவனும் இல்லை. மழுங்கச் சவரம் செய்த முகமும் கையில் தொப்பியுமாகத் தியோஃபில்.

"விருந்தாளிக்கு இடமிருக்கா?"

இந்த நாளில் வந்தவனைத் திருப்பி அனுப்பிய போலந்துக்காரி இதுவரை பிறக்கவில்லை. அந்தப் பெயரை வாங்க லுட்விகாவும் தயாரில்லை. தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இது என் இடம். உட்காருங்க."

பிறகு போய் அண்ணனின் தட்டுக்கு முன்னால் தானே உட்கார்ந்தாள்.

"என்ன பாக்குறீங்க? அவன் வந்தா எந்திரிச்சுக்கறேன். சூப் ஆறுது."

எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் கிறிஸ்துமஸ் அப்பத்தை உடைத்து முதல் துண்டைத் தச்சனிடம்தான் நீட்டினாள்.

ஸிக்முன்ட் நாற்பத்திரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான் என்று அடுத்த கோடையில் கடிதம் வந்தது. வருஷம் திரும்பியதும் பாதிரியார் அபொலோனியாவையும் தச்சனையும் சேர்த்துவைத்தார். இருவரும் கனடாவுக்குக் கப்பலேறினார்கள், ஸ்டூலோடு. லுட்விகா பக்கத்து ஊரான அருஷாவில் தையல் கடை போட்டுத் தங்கிவிட்டாள். தனி ஆள், ஆனால் கிறிஸ்துமஸ் சாயங்காலம் மேஜையில் மூன்று தட்டு. கேட்டால், "ஒண்ணு அண்ணனுக்கு, ஒண்ணு கதவைத் தட்டுறவங்களுக்கு" என்பாள். சூப்பில் ஈ விழுந்தாலும் கதவு ஒரு சாண் திறந்தே கிடக்கும்.