எண்ணெய் குடிக்காத கல்

மங்கம்மாள் ஊற்றிய எண்ணெய் கல்லின் மேல் நிற்கவில்லை. வழிந்து போய்ப் பக்கத்துக் கற்களின் காலடியில் தேங்கியது.

புங்க மரத்தடியில், கூரையில்லாத கோயிலின் முழங்கால் உயரச் சுவருக்குள் அந்தக் கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எல்லாம் கருப்பு. இலுப்பெண்ணெயும் விளக்குப் புகையும் தூசியும் தலைமுறை தலைமுறையாக ஏறி, கல் எது பிசுக்கு எது என்று பிரிக்க முடியாத கருப்பு. நடுவில் ஒன்று மட்டும் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், குளிப்பாட்டி உட்கார வைத்த பிள்ளைபோலப் பளிச்சென்று இருந்தது.

"குடிக்க மாட்டேங்குது பாரு" என்றாள் மங்கம்மாள், திரும்பிப் பார்க்காமலே.

பஸ்ஸுக்காகக் கைப்பையுடன் வந்த தேவயானி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். "எது அத்தை?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியே ஒரு பொய் என்று அவளுக்கு உறைத்தது.

"எங்க மாமனாரு கல்லுதான். வெளுத்துப் பூட்ச்சு. பொணத்து மூஞ்சி மாதிரி வெளுத்துப் பூட்ச்சு."

அந்த மலையூரில் ஏர் ஓட்டும்போது இப்படி வழவழப்பான, ஒருபக்கம் கூரான கல் தட்டுப்பட்டால் மாட்டை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அன்றைக்கே புங்க மரத்தடியில் கொண்டுவந்து நட்டுவிட வேண்டும். அன்று முதல் அது அந்த வீட்டுச் சாமி. கண்டெடுத்தவர் செத்த பிறகு அவரும் அந்தக் கல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கற்களை யாரும் எண்ணக் கூடாது. ஆனால் எந்தக் கல் எந்த வீட்டுடையது என்பது வீட்டுக்கு வீடு தெரியும். புளி உலுக்குவதற்கு முன்னால் அவரவர் கல்லுக்கு எண்ணெய் வார்ப்பார்கள். கல் குடித்தால் பெரியவர் மனம் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். குடிக்காமல் வழிந்தால் அந்த வீட்டின் மேல் அவருக்கு ஏதோ கோபம்.

இதெல்லாம் தேவயானிக்குத் தெரியாததல்ல. அவள் இந்த ஊர்ப் பெண். தெரிந்துதான் எடுத்தாள்.

மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் அவள் சமூக அறிவியல் ஆசிரியை. பொங்கல் கழிந்து திருப்பத்தூரில் ஆசிரியர்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். உலக வரலாற்றைப் பொருள்களை வைத்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் தெர்மாகோலில் பிரமிடு செய்யப்போவதாகச் சொன்னார். இன்னொருவர் வாஸ்கோடகாமாவின் கப்பலை அட்டையில் வெட்டிக்கொண்டிருந்தார். பட்டுச் சாலைக்கென்று ஒரு டீச்சர் தன் கல்யாணப் புடவையையே கொண்டுவருகிறாராம். உலகத்தில் யாரும் இட்டுக்கட்ட முடியாத ஒன்று தன் ஊர் மரத்தடியில் கிடக்கிறதே என்று தேவயானிக்குத் தோன்றியது. அது புதிய கற்காலத்துக் கோடரி என்று அவள் படித்திருந்தாள். ராஜாக்கள் வருவதற்கு முன்னால், இரும்பு வருவதற்கு முன்னால், இந்த மலையில் ஒருவர் உட்கார்ந்து, மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கியது. இரண்டே நாள் இரவல் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, ஆளில்லாத நேரமாகப் பார்த்து, கைக்கு அடக்கமான ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. திருப்பத்தூரில் தங்கை வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்தபோது அது கோடரியாகவே தெரியவில்லை. கரி பிடித்த கட்டை மாதிரி இருந்தது. இதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்வது? வெந்நீரில் ஊறப் போட்டாள். சீயக்காய் போட்டாள், சோப்புத்தூள் போட்டாள், கடைசியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்தாள். கருப்பு திரிதிரியாக உருண்டு வந்தது. உள்ளேயிருந்து அந்தச் சாம்பல் பச்சை வெளிவந்தது, கூர்முனை வெளிவந்தது, எப்போதோ யாரோ தேய்த்த கீறல்கள்கூடத் தெரிந்தன. அந்த நிமிடத்தில் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை. குழாயடியில் குந்தி உட்கார்ந்து, நகக்கண்ணெல்லாம் கருப்பாக, அவள் பாட்டு முணுமுணுத்திருந்தாள்.

முதல் பரிசு அவளுக்குத்தான். கைதட்டல் ஓய்ந்து, ஊருக்குத் திரும்பி, கல்லைப் பழைய குழியில் நட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அது மற்ற கற்களுக்கு நடுவே நிற்கும் விதம் கண்ணில் பட்டது. அவசரமாகக் கொஞ்சம் எண்ணெய் தடவினாள். பிடிக்கவில்லை. மண்ணைப் பூசினாள். அதுவும் மறுநாள் காய்ந்து உதிர்ந்துவிட்டது. தை முடிந்து மாசி கழியும்வரை யாரும் கவனிக்கவில்லை. இப்போது புளிக்காலம் வந்துவிட்டது.

சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பும்போது தண்ணீர்த் தொட்டியருகே ஈஸ்வரி வழிமறித்தாள். மங்கம்மாளின் ஓரகத்தி. புருஷன் இறந்தபின் திருப்பூருக்குப் பிழைக்கப் போய், பின்னலாடைக் கம்பெனியில் நெஞ்சில் பஞ்சு கட்டி, பிள்ளையோடு மலைக்கே திரும்பி வந்தவள்.

"டீச்சரே, சேதி கேட்டியா? அக்கா கூப்ட்டனுப்பிச்சா. ஓடைப் புளியை நீயே எடுத்துக்கன்னா. மரம் பூராவும்!"

"பூராவுமா?"

"நானும் அப்டித்தான் கேட்டேன். சொரம் கிரம் அடிக்குதான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன், கையத் தட்டி வுட்டா. மாமனாரு கல்லு வெளுத்துடுச்சாமே? இத்தினி வருசம் உசுரோட இருந்த மனுசங்க எங்க பேச்சு ஏறல, செத்த கெழவன் ஒரு தபா மொறச்சாரு, வேலை முடிஞ்சுது." சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்தது. "நாளான்னைக்கு உலுக்கறேன். நீயும் வா, ஒரு மொறம் எடுத்துகினு போ."

தேவயானி சிரித்தாள். வீடு வந்து கதவைச் சாத்தும்வரை அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் நல்லதுதானே நடந்திருக்கிறது என்று ஆரம்பித்தது மனம். ஓடைக்கரைப் புளி மாமனார் வைத்த மரம். அவருக்கு இரண்டு மகன்கள் இருந்தும் மூத்த மருமகள் மங்கம்மாள் ஒருத்தியே அதை ஆண்டுவருகிறாள் என்று ஊருக்குக் குறை உண்டு. பெரியவர் சாகும்போது ஒன்றும் சொல்லவில்லை என்று மங்கம்மாள் சொல்லிவிட்டதால் யாரும் வாய் திறந்ததில்லை. இப்போது ஒன்றும் இல்லாதவளுக்கு ஒரு மரம் கிடைக்கிறது. அதற்கு ஒரு கம்பி நார் காரணமாக இருந்தால் என்ன? வரலாற்றில் இப்படி எத்தனை நடந்திருக்கிறது! நிலவை மறைத்துவிடுவேன் என்று கிரகணத்தைக் காட்டித் தீவுக்காரர்களைப் பயமுறுத்திப் பசியாறிய மாலுமியைப் பற்றி அவளே வகுப்பில் சொல்லியிருக்கிறாள், பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். பயந்துபோய்ச் சோளத்தைக் கொண்டுவந்து கொட்டிய அந்தத் தீவுக்காரர்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஈஸ்வரிக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஈஸ்வரியின் முகத்தை நினைக்கப் போனால், நடுவில் பள்ளி ஆசிரியர்கள் அறையும், ஊர்க்கூட்டமும், "சாமியத் தேச்சவ" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கப்போகும் குரலும்தான் வந்தன.

மறுநாள் மங்கம்மாள் சாப்பிடவில்லை என்று ஊரில் பேச்சு. அன்று மாலை தேவயானி சாமைச் சோறும் ரசமும் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மங்கம்மாள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"இன்னாத்துக்கு அத்தை பட்டினி? மரத்தைத்தான் குடுத்துட்டீங்களே."

"குடுத்தும் குடிக்கலையே. காலையில ஊத்தினேன், அப்டியே வழியுது." மங்கம்மாள் போசியைத் தள்ளி வைத்தாள். "உக்காரு. நீ படிச்சவ. ஒண்ணு கேக்கறேன், ஊர்ல வாய வுட்றாத."

இப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அவள் வாய் திறக்கும் முன்னால், குறுக்கே பேசியிருக்க வேண்டும். தேவயானி உட்கார்ந்தாள்.

"மாமன் ஒண்ணுஞ் சொல்லாம செத்தாருன்னேனே. சொன்னாரு. கையப் புடிச்சிகினு சொன்னாரு. ஓடைப் புளி ரெண்டு வூட்டுக்கும் சரி பாதி, சின்னவளைக் கூப்புடு, அவகிட்டயும் சொல்லணும்னாரு. நான் கூப்புடல. தோ வர்றா, தோ வர்றான்னு ராவெல்லாம் சொல்லிகினே இருந்தேன். வாசலையே பாத்துகினு கெடந்தாரு. அப்டியே பூட்டாரு." மங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எம் புருசனுக்குக்கூடச் சொன்னதில்ல. பாதிக்கு முழுசா குடுத்துட்டேன். இன்னும் இன்னா வேணும் அவருக்கு? நீ சொல்லு. இன்னா பண்ணா தீரும்?"

கோயிலில் திருடியது ஒன்று. இது வேறு. பூட்டிய வீட்டுக்குள் கள்ளச்சாவி போட்டு நுழைந்த பிறகு, அந்த வீட்டுக்காரியே விளக்கைத் தூக்கிப் பிடித்து வழிகாட்ட உட்கார்ந்திருப்பதுபோலத் தேவயானிக்கு இருந்தது.

"அவருக்குக் கோவம் இல்ல அத்தை. நாந்தான் தேச்சேன்."

"இன்னா?"

"கல்லை. திருப்பத்தூருக்கு எடுத்துப் போனேன். ஜனங்களுக்குக் காட்ட. கருப்பா இருந்ததுன்னு சோப்புப் போட்டுத் தேச்சேன். அதனால்தான் எண்ணெய் புடிக்கல."

மங்கம்மாள் அவளையே பார்த்தாள். புங்க மரத்திலிருந்து ஒரு பழுப்பு இலை அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்து நிதானமாகக் கீழே வைத்தாள்.

"எப்ப?"

"தை மாசம்."

"தை மாசத்துலர்ந்து தெரியும் உனக்கு. நேத்து நான் இங்க எண்ணெய் ஊத்தறப்ப நின்னியே, அப்பவும் தெரியும். இப்ப, நான் வாயத் தொறக்கறதுக்கு மின்னாடியும் தெரியும்."

"தெரியும் அத்தை."

"கேட்டுட்டு சொல்ற." குரல் உயரவே இல்லை. "கல்லைத் தேச்சே, சரி, அறியாத் தனம். என் நெஞ்சையும் தோண்டி எடுத்துகினு அப்பால சொல்ற பாரு."

தேவயானி காலில் விழப் போனாள். மங்கம்மாள் காலை மடக்கிக்கொண்டாள். "அதெல்லாம் வாணாம். எழுந்து போ." பிறகு போசியைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து, அவள் எதிரிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். பசியோடு, கோபத்தோடு, ரசம் முழங்கையில் வழிய. "தீர்த்தகிரி பூசாரிகிட்ட நீயே போய்ச் சொல்லிடு. எனக்குக் கோள் மூட்டற பழக்கம் இல்ல."

தீர்த்தகிரியிடம் சொன்னாள். அவர் நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, இந்த வருஷம் சாமிக்கு நீ பொங்கல் வைக்காதே என்றார். இன்னும் ஏதாவது சொல்வாரா என்று அவள் காத்து நின்றாள். அவர் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஓடைக்கரைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஈஸ்வரி தொரட்டுக்கோலோடும் சாக்குகளோடும் வந்திருந்தாள். மரத்தடியில் மங்கம்மாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

"பாதிதான்டி" என்றாள் மங்கம்மாள். "ஓடைப் பக்கக் கெளையெல்லாம் உனுது. மேட்டுப் பக்கம் எனுது."

"இன்னாக்கா இது? முழுசுன்னியே!"

"அன்னிக்கு சாமி பேசிச்சு. அப்பால டீச்சரம்மா பேசிட்டா. அவளையே கேளு."

தேவயானி சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஈஸ்வரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு தொரட்டுக்கோலைத் தரையில் ஓங்கிக் குத்தினாள்.

"இத்த நேத்துத்தான் சொல்லணுமா நீ? ரெண்டு மாசம் முழுங்கிகினு இருந்தவளுக்கு இன்னும் ஒரே ஒரு நாளு முழுங்க முடியலையா? புளியை உலுக்கி மூட்ட கட்டிட்டு சொல்லக் கூடாதா? உம் மனசு ஆறணும்னு எம் மரம் பாதி பூட்ச்சு!"

அதுதான் உண்மையோ என்று தேவயானிக்கே சந்தேகமாக இருந்தது.

"ஏன் டீச்சரே, ஒண்ணு சொல்லு" என்றாள் ஈஸ்வரி, கோபம் கொஞ்சம் தணிந்து. "சாமி மொறைக்கலன்னு ஆச்சு. அப்ப அக்கா ஒண்ணுமே குடுக்காம வெரட்டி வுட்டிருக்கலாமே? இன்னாத்துக்குப் பாதி? உனக்கு எதுனா தெரியுமா?"

மேட்டுப் பக்கம் நின்ற மங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. சும்மா பார்த்தாள். வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்த ஒரு கிழவர் தேவயானியின் கண்முன் வந்தார். அது ஈஸ்வரிக்குச் சேர வேண்டிய சேதி. தான் அதை வாங்கிய வழி மட்டும் திருட்டு வழி.

"அவங்களையே கேளு ஈஸ்வரி" என்றாள்.

"அவ எங்க சொல்லப் போறா, கல்லுளிமங்கி." ஈஸ்வரி கோலை உயர்த்திக் கிளையில் மாட்டினாள். "சும்மா நிக்காத. ஓடைப் பக்கம்னு பாத்துப் பாத்துத்தான் குடுத்திருக்கா மவராசி, பாதி தண்ணியிலதான் வுழும். எறங்கிப் பொறுக்கு."

கிளை குலுங்கியது. புளியம்பழங்கள் சடசடவென்று ஓடைத் தண்ணீரில் விழுந்தன. தேவயானி புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. ஓடு உடைந்த பழங்கள் அடியில் போய்ச் சேற்றில் ஒட்டிக்கொள்வதற்குள் அவள் குனிந்து தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது.