டப்பியின் அடியில் ஒரு துளி

காலையிலிருந்தே லவ்டேக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரவுப் பூச்சிகளை இழுக்கத் தோட்டத்தில் வைத்த விளக்குப்பொறியில், அவை ஒண்டிக்கொள்ளப் போட்டிருந்த முட்டை அட்டை ஒன்றைத் திருப்பியபோது அது உட்கார்ந்திருந்தது: பழுப்புக்கரை அந்துப்பூச்சி. கடலோரப் புதர்வெளியை விட்டால் வேறு போக்கிடமில்லாத ஜீவன். நாட்டின் கிழக்குக் கரையில் ஏராளம் உண்டு. இங்கே கார்ன்வாலில் எப்போதாவது கடல்காற்று கொண்டுவந்து போடுவதோடு சரி. இது இங்கேயே பிறந்தது என்று காட்டிவிட்டால் போதும், இங்கே அதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே புதர்வெளியான பாறைமுகட்டு ஹெதர் புதரை நாளை வெட்ட வரும் இயந்திரத்தை நிறுத்திவிடலாம்.

அதைச் சொல்ல வேண்டியவர் மாவட்டப் பூச்சிப் பதிவாளர் ஹெட்லி கர்னோ. மதியம்தான் வருவார். இறக்கை புதிதாக இருந்தால் உள்ளூர்ப் பூச்சி. தேய்ந்திருந்தால் பறந்து வந்தது.

காலையில் இறக்கை பட்டுப்போல இருந்தது. சின்ன டப்பியில் பிடித்தவள், இடம் போதாதென்று பெரிய டப்பிக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள். குளிரில் அசையாமல் கிடக்கும். அப்படியே விட்டிருக்கலாம். விட்டாளா? உயிர் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது சூடேறி விழித்துச் சுவரில் மோதி அடித்துக்கொண்டது.

"அதைக் கொன்னுட்டுத்தான் ஓய்வியா, என் குருவி?" என்றான் கணவன் டென்சில்.

"நீ போய்ப் பாத்திரத்தைக் கழுவு. அந்தச் சின்ன டப்பியையும் சேர்த்து!"

ஹெட்லி வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவர் முகம் வாடியது.

"இறக்கைச் செதிலெல்லாம் உதிர்ந்துபோச்சே லவ்டே. ரொம்பதூரம் பறந்து வந்தது மாதிரி இருக்கு."

"காலையில புத்தம்புதுசா இருந்துச்சு, சத்தியமா!"

"நான் நம்புறேன். நான் நம்பி என்ன ஆகப்போகுது?"

ஐயோ, என் கையாலேயே கெடுத்தேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஹெட்லி பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கூட்டைவிட்டு வந்த சில மணி நேரத்துக்குள்ளே சிவப்பா ஒரு துளி கழிக்கும். அது டப்பியில இருந்தா போதும், இங்கே பிறந்ததுதான். முதல்ல பிடிச்ச டப்பி எங்கே?"

பின்கட்டில் குழாய்ச் சத்தம் கேட்டது.

"டென்சில்! நிறுத்து!"

ஓடினாள். தொட்டி நிறைய நுரை. கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"டப்பி எங்கேடா பாவி?"

"அந்தப் பூச்சி பேண்டு வச்சிருக்கே, அதுவா? நான் தொடுவேனா? நீ தொண்டை கிழியக் கத்தினாலும் உன் பூச்சிச் சாமானை என்னிக்காவது கழுவியிருக்கேனா?"

கரண்டியால் அதை ஜன்னலோரம் தள்ளிவைத்திருந்தான். அடியில் இளஞ்சிவப்பாக ஒரு துளி காய்ந்திருந்தது.

ஹெட்லி பார்த்தார். போனை எடுத்தார். "நாளைக்கு மிஷின் வரவேண்டாம்" என்று அவர் சொல்வதைக் கேட்டதும் லவ்டே டென்சிலின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

கண்ணைத் துடைத்தவளின் கை, தானாக ஃபிரிட்ஜ் கதவுக்குப் போனது. டென்சில் அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

"தொட்ட, அவ்வளவுதான்."